மூக்கு வைத்த எழுத்து

ஏகாம்பரகுப்பத்தில் ரயில் வேகம் குறையும்போது
மலை வந்து ஜன்னலில் மூக்கைக் காட்டும்.
அதைத்தான் திருடினேன்.
'ப'வின் இடது கோட்டு உச்சியில் வைத்தேன்,
கொஞ்சம் தூக்கி, நுனியில் சரித்து.

நகரியில் உட்கார்ந்துகொண்டு நாகரியா செய்கிறாய் என்று
சென்னையிலிருந்து ஒருவன் கேட்டான்.
தமிழ்தான்.
பஜாரில் தெலுங்கு எழுத்தெல்லாம்
தலகட்டு சூடி நிற்கிற பலகையில்
நம் எழுத்து மட்டும் குளித்த தலை துவட்டாமல்
பந்திக்கு வந்ததுபோல் இருந்தது எனக்கு.

மூன்றுசுழி 'ண'வுக்குப் பதினோரு நாள்.
கொம்பில் கொடி ஏற்றினேன்.
துணைக்காலுக்கு ஒரு பாதம், பாதத்துக்கு ஒரு மெட்டி.
கீழே விசைத்தறி.
நான் வளைக்கிற கோடெல்லாம்
மேசையோடு சேர்ந்து நடுங்கித்தான் வளைந்தது.

நாற்பத்தெட்டுக்குக் கீழே போட வேண்டாம்,
மெல்லிய கோடு தாங்காது என்று
கூட ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்.
குறிப்பை யார் படிக்கிறார்கள்.

மாங்கூழ் டப்பாவில் 'தோத்தாபுரி' என்று
வயிறு முட்ட நின்றது.
சத்தியவேட்டுக் கல்யாணத்தில் ஞானசௌந்தரி
தங்க மசியில் மினுங்கினாள்,
மாப்பிள்ளை பெயர் சின்னது, பாவம்.
புத்தூரில் எலும்புக் கட்டுக்காரர் ஒருவர்
பிளக்ஸில் அடித்தார்.
எழுத்துக்கு எழுத்து கோடு அறுந்து முறிவு.
தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று
அப்படியே விட்டுவிட்டார்.

பிறகு அந்த ரோஸ் தாள்.
தறிக்காரர்களின் கூலி உயர்வு நோட்டீஸ்,
பக்கம் முழுக்க என் எழுத்து,
அளவு ஒன்பது.
ஏன் இதைப் போட்டீர்கள் என்றேன் கஜபதியிடம்.
"பார்க்க நல்லா இருந்துச்சு.
எங்க கோரிக்கையும் ஒரு நாள்
கல்யாணம் மாதிரி இருக்கட்டுமே."

மீட்டருக்கு 8 ரூபாய்.
என் எட்டுக்கு இடுப்பு சிறுத்து
இடப்பக்கம் திறந்து ஒரு சுருள் தொங்கும்.
ஆறு அடிப் பலகையில் அது நடனம்.
அச்சில் சுருள் அழிந்துவிட்டது.
முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
சத்தமாகப் படித்தாராம்:
"மூணு கேக்கறீங்க.
நான் நாலே தர்றேன்."
அறையில் பாதிப் பேர் சிரித்தார்களாம்.

சாயங்காலம் ஜமுனா மாடியேறி வந்தாள்.
தாளை விரித்து விரல் வைத்தாள்.
இது?
எட்டு.
இது?
மூன்று.
"உங்களுக்குத் தெரியுது" என்றாள்.

தறி நின்று ஒன்பது நாள்.
மேசை அசையவில்லை.
இந்த அறைக்கு வந்த பிறகு
நடுங்காமல் நான் போட்ட முதல் கோடு
அந்த எட்டின் முதுகு.
சுருளை வெட்டினேன். மெட்டியைக் கழற்றினேன்.
மூக்கிலும் கை வைக்கப் போனபோது
"மூக்கு இருக்கட்டும்,
வயித்த மூடு" என்றாள்.

மூடினேன். பத்து நிமிட வேலை.

பதினேழாம் நாள் கீழே சத்தம் தொடங்கியது.
எவ்வளவுக்கு முடிந்தது என்று
யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை.
கேட்க இறங்கினேன்.
ஜமுனா இழை முடிந்துகொண்டிருந்தாள்,
இரைச்சலில் ஒரு கையை விரித்து
இன்னொரு கையில் ஒரு விரல் காட்டினாள்.

மேலே வந்தேன்.
மேசை நடுங்குகிறது.
ஆறையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.