வலது முன் சக்கரம்

கத்திப்பாரா மேம்பாலம் இறங்கும்போதே
அந்த வாசனை வந்தது.
யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று
கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.
பெரம்பூர் வந்து கை வைத்துப் பார்த்தால்
வலது முன் சக்கரம் மட்டும்
தோசைக்கல்.

"காலிப்பரையே மாத்திடலாம் மேடம், நாலாயிரம்."
அந்த மேடத்தில் ஆயிரம் இருந்தது.
ஜி.பி. ரோட்டில் கிட் நூற்றெண்பது ரூபாய்.
உறைக்குள் சதுர விளிம்போடு ஒரு ரப்பர் வளையம்,
அதற்கொரு தூசி மூடி.
வளையல் கடையில் வைத்திருந்தால்
குழந்தை சைஸ் என்றிருப்பார்கள்.

தை மாத ஞாயிறு. ஜாக்கி.
பின்சக்கரத்துக்கு இரண்டு செங்கல்.
எத்தனை டிசம்பர் தண்ணீரில் நின்ற வண்டி,
போல்ட் அசையவில்லை.
ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன்.
என் அறுபத்தொரு கிலோ
முதன்முதலாக ஒரு வேலைக்கு ஆயிற்று.

கால்பம்பால் காற்றடித்ததும்
டொப்பென்று மரக்கட்டையில் வந்து மோதியது பிஸ்டன்.
பள்ளத்துக்குள் பழைய வளையம்.
சதுரம் போயிருந்தது.
நகத்தால் கிள்ளினால் கறுப்பு மாவு.

எண்ணெய் கசியாமல் காப்பதுதான்
இதன் வேலை என்று நினைத்திருந்தேன்.
மிதிக்கும்போது பிஸ்டனோடு கொஞ்சம் வளைந்து போகிறதாம்,
காலை எடுத்ததும் நிமிர்கிறதாம்,
நிமிரும்போது பிஸ்டனையும்
கூடவே இழுத்துக்கொண்டு வருகிறதாம்
ஒரு தலைமுடி அளவு.
அந்த ஒரு முடி இடத்தில்தான்
சக்கரம் சுற்றுகிறது.
மூன்று மாதமாக என் வண்டி
பிடித்ததை விடாமலே
என்னோடு ஆபீஸ் வந்துபோயிருக்கிறது.

காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்.
மிதிக்க ஒருவர்,
நிப்பிளைத் திறந்து மூட ஒருவர்.
தெருவில் அந்த நேரம் எத்திராஜ் மட்டும்தான்.
மேல்வீடு. தண்ணீர் மோட்டார் விஷயத்தில்
ஆவணியிலிருந்து பேச்சில்லை.
கேட்டேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார்,
யார் வீட்டுக்கோ வந்தமாதிரி.

மிதிங்க.
பிடிங்க.
விடுங்க.
குழாயில் குமிழி, பின்னால் இன்னொரு குமிழி,
பாட்டிலில் தேங்கிய டீ நிறம்.
மிதிங்க.
"பிடிச்சிருக்கேன்."
விடுங்க.
பதினேழு முறை.
ஐந்து மாதத்தில் நாங்கள் பேசியது அவ்வளவே.
"இப்ப கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார்,
பெடலைத்தான்.

மட்கார்டில் சிந்தியது பெயிண்டைத் தின்னும் என்று
மேலே ஓடிப்போய்
ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.
எந்தத் தொட்டித் தண்ணீர் என்று
நான் கேட்கவில்லை.

பேரக்ஸ் ரோடு சிக்னல் வரை போனேன்.
மிதித்தேன், நின்றது.
எடுத்தேன், சரிவில் தானாக நகர்ந்தது.
ஓரங்கட்டி ரிம்மைத் தொட்டேன்.
குளிர்ச்சி என்று சொல்ல முடியாது,
இந்த ஊரில் எது குளிர்ச்சி.
மற்ற மூன்றும் எப்படியோ
அப்படி.

மறுநாள் விடிகாலை நாலே முக்காலுக்கு
மோட்டார் போட்டார் எத்திராஜ்.
எப்போது நிறுத்துவார் என்று
எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.
விரல் இடுக்கில் இன்னும்
அந்தக் கறுப்பு மாவு.