ஒன்பதாம் கிழமை

மந்திகையில் மாவுக்கட்டை வெட்டிய அன்று
உள்ளே இருந்த கை என்னுடையதாய் இருக்கவில்லை.
மெலிந்து, செதில் உரிந்து,
தண்ணீருக்குள் கனநேரம் கிடந்த காகிதம்போல
வேறு யாரோ ஒருத்தியின் கை.
பன்னிரண்டு கிழமை கழியட்டும் என்றார் டொக்டர்,
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தபடி.
பாரம் தூக்காதேங்கோ. விழாதேங்கோ.

விழாமல் இருப்பது எப்படி என்று
அவர் சொல்லவில்லை.

தபால் கந்தோரில் இடக்கையால் முத்திரை குத்துகிறேன்.
பருத்தித்துறை என்ற பெயர்
ஒவ்வொரு கடிதத்திலும் சரிந்து விழுகிறது.
பென்சன் எடுக்க வந்த இரத்தினவேல் மாஸ்டர்
எலும்பு பொருந்தியதா என்று கேட்கவில்லை.
"உந்த வயதிலை என்ன பிள்ளை சறுக்கு விளையாட்டு?"
முப்பத்தெட்டு, ஐயா.
கையெழுத்தை இங்கே வையுங்கோ.

பலகை நோர்வேயிலிருந்து வந்தது.
மணலிலும் ஓடும் என்று யாரோ சொன்னதை நம்பி
மச்சாள் பிறிசில்லா காவிக்கொண்டு வந்தாள்.
திரும்பிப் போகையில் பொதியில் எடை கூடிவிட்டது.
பலகையா மிளகாய்த்தூளா என்று வந்தபோது
அவள் மிளகாய்த்தூளை எடுத்தாள்.

நான் பனி கண்டதில்லை.
ஐஸ் என்றால் எனக்கு
மீன்பெட்டிக்குள் உடைத்துப் போடும் கட்டி.
மணல்காட்டில் மணல்மலை இருக்கிறது.
அந்தோனியார் கோயிலில் எரிந்து மிஞ்சிய
மெழுகுதிரி அடிக்கட்டைகளைப் பலகையில் தேய்த்தால்
போகிறது.
போகும்போது
யாரும் என்னிடம் படிவம் கேட்பதில்லை.

வைகாசியில் விழுந்தேன். கையை ஊன்றினேன்.
முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம்.
வலி பிறகுதான் வந்தது,
பஸ்ஸைத் தவறவிட்டவன்போல மூச்சிரைத்து.
அன்றிலிருந்து வீட்டில் றெக்சன்தான்
முருங்கைக்காய் ஒடிக்கிறான்,
நான் கிணற்றடிக்குப் போனபிறகு.

இன்று ஞாயிறு, பூசை முடிந்து.
மோட்டார்சைக்கிளைச் சவுக்கு நிழலில் விட்டு
பலகையைத் தோளில் சுமந்து வந்தான்.
"இன்னொருக்கா முறிஞ்சால்
முத்திரை குத்த நான் வரமாட்டன்."
சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றான்.
அங்கே பார்க்க ஒரு வள்ளமும் இல்லை.

பெரிய மேட்டுக்குப் போகவில்லை.
ஆடுகள் ஏறி இறங்கும் சின்ன மேடு.
கால் ஒன்றையும் மறக்கவில்லை,
முழங்கால் தானாக மடிந்தது.
கையும் மறக்கவில்லை, அதுதான் தொல்லை.
நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு
முதல்நாள் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைபோல
வரமாட்டேன் என்றது.

நேற்றிரவு பிறிசில்லா வட்ஸ்அப்பில் வந்தாள்.
அவளுடைய ஜன்னலில் இன்னும் வெயில்.
"இஞ்சை சின்னனுகளுக்கு முதல் பழக்கிறது
போறதை இல்லையடி, விழுறதை.
கையைப் பொத்து. விரிச்சியோ, போச்சு."

ஆகவே முதலில் விழுந்தேன்.
ஓடாமல், நின்ற இடத்தில், வேண்டுமென்றே.
கை விரிந்தது.
இன்னொரு தரம். பாதி விரிந்தது.
மூன்றாம் தரம் பொத்தியபடி,
முன்கையில் மணல், பல்லில் மணல்.
றெக்சன் திரும்பிப் பார்க்கவில்லை.
ஒவ்வொரு தொப்புக்கும் அவன் தோள்மட்டும் துள்ளியது.

ஏழாவதோ எட்டாவதோ முடிந்து
பலகையைச் சரிவுக்குத் திருப்பினேன்.

பத்து யார் இருக்கும். குறைவாகவும் இருக்கலாம்.
சோளகம் முதுகில் கைவைத்தது,
தள்ளவில்லை, சும்மா வைத்தது.
மெழுகு மணம் எழுந்து எழுந்து பின்னால் போனது.
கீழே வந்து நின்றேன், விழாமல்,
இவ்வளவு பழகிய விழுகை எல்லாம் வீணாய்ப் போக.

கை இன்னும் பொத்தியபடியே இருந்தது.
திறக்கச் சொன்னேன்.
விரல் விரலாய் யோசித்துத் திறந்தது.

"முடிஞ்சுதோ?" என்றான்,
கடலைப் பார்த்தபடியே.

மெழுகு மிச்சம் இருக்கோ, என்று கேட்டேன்.