கபமத

ஒத்தக்கடையில் மாடி அறை.
ஜன்னலுக்கு வெளியே யானைமலை
கீபோர்டின் அடியில் கிடக்கும் ஸ்பேஸ் பார் மாதிரி
நீளமாய்ப் படுத்திருக்கிறது.

நான் மரம் ஒன்று செய்துகொண்டிருந்தேன்.
குறிப்புக்குள் குறிப்பு, அதற்குள்ளும் ஒன்று.
கிளைவிட்டுக் கிளை தாவ
எச், ஜே, கே, எல்.
விரல் நகராமல் வேலை முடியும்
என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

கீழ்வீட்டு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா பவுன்தாய்
முதல் நாளே படியேறி வந்துவிட்டாள்.
"இறங்குன்னா 'ப'ங்குது. ஏறுன்னா 'ம'ங்குது.
ஒங்க மரத்துல கன்னுக்குட்டி எதுவும் கட்டியிருக்கா?"

தமிழ்99-இல் தட்டுகிறவள்.
என் நாலு விசையும் அவளுக்கு
க, ப, ம, த.

மறுவாரம் இன்னும் மோசம்.
மேலூர்ப் பாகப்பிரிவினை வழக்கு,
தலைமாட்டில் பெரியகருப்பன், காலமாகிவிட்டார்.
அந்த வரியை நீக்கியிருக்கிறாள்.
அஞ்சு பிள்ளைகள், பேரன் பேத்திகள்,
கிணற்றில் நாலில் ஒரு பங்கு, சர்வே எண்கள்
எல்லாம் அவரோடு போய்விட்டன.
"அவர் செத்தா வாரிசுமா சாகணும்?"

இரண்டு ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன்.
இப்போது அப்பன் வரியை எடுத்தால்
பிள்ளைகள் வரிசை கலையாமல்
ஒரு படி மேலே வந்து நிற்கும்.
"பொம்பளப் பிள்ளைகளும்தானே?"
மரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்றேன்.
"தெரியாமலே இருக்கட்டும்."

கிளையை மடிக்க ஒரு விசை வேண்டும்.
கரண்ட் போன மதியம், லேப்டாப் பதினொரு சதவீதத்தில்,
எஃப்-ஐ வெறுமனே தட்டிக்கொண்டிருந்தேன்.
அவள் பலகையில் அது புள்ளி.
க-வின் தலையில் புள்ளி விழுந்தால்
உள்ளே இருக்கும் அகரம் ஒடுங்கிவிடும், க்.
அட, மடிப்பதும் அதுதானே.
திறக்க ஏ விசை. அங்கேயே உட்கார்ந்திருக்கிறது அ.

பவுன்தாய் புள்ளி வைத்துப் பார்த்தாள்.
இருபத்திரண்டு வருட வழக்கு
ஒரே வரியாகச் சுருண்டுகொண்டது.
சிரிக்கவில்லை. அ-வைத் தொட்டாள்,
அத்தனை பேரும் திரும்ப வந்தார்கள்.

செய்ததைத் திரும்பப் பெற மட்டும்
பழைய கன்ட்ரோல் இசட்டையே விட்டுவைத்தேன்.
அந்த விசையில் ஔ இருக்கிறது,
யாரும் அதிகம் தொடாத எழுத்து, தொந்தரவில்லை என்றேன்.

"ஆதார்ல எம்பேரு பௌன்தாய்" என்றாள்.
"எவனோ அந்த விசையைத்தான் தட்டியிருக்கான்.
அதைத் திரும்ப எடுக்க
எதை அமுக்கணும்?"