மூலைமட்டம்

காலை எட்டு மணியிலிருந்து
தோட்டப்பாளையத்து ஸ்கேன் சென்டரில்
ஒரே சொல்லைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
கல்லீரல்: நார்மல்.
மண்ணீரல்: நார்மல்.
பித்தப்பை: நார்மல், கல் ஏதும் இல்லை.
என் விரல்களைப் பார்த்து மனமிரங்கி
டாக்டர் சைனபா ஒரு பொத்தானில்
சொல்லை முழுசாய்ப் பொருத்திக் கொடுத்தார்.
இப்போது தொட்டால் போதும்,
வயிறு வயிறாக விழுகிறது.

மதியம் ஆற்காடு ரோடு மெஸ்ஸில்
"கூலிங்கா, நார்மலா?" என்கிறான்
தண்ணீர் வைக்கும் பையன்.
கல்கத்தாவிலிருந்து வந்த குடும்பத்துக்கும்
தமிழில் அந்த ஒரு கேள்வி புரிகிறது.
பிரசவ வார்டு வாசலில்
மாமியார்கள் கேட்பதும் அதையேதான்.
வெயில் நூற்றெட்டு,
நார்மலைவிட நாலு டிகிரி கூட என்கிறது டிவி.
இந்த ஊரில் எது நார்மல் என்று
கோட்டை மதிலைத்தான்
உள்ளங்கை வைத்துக் கேட்கவேண்டும்.

நேற்று கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் பிடிக்கிறவரை
போனில் அந்தச் சொல்லின் பூர்வீகம் தேடினேன்.
லத்தீனில் நோர்மா:
தச்சன் கையிலிருக்கும் மூலைமட்டம்.
அதில் வைத்துப் பார்க்கச்
செங்குத்தாய் நின்றதெல்லாம் நார்மல்.
உடம்புக்குள் அது வந்து குடியேறியது
ரொம்பப் பின்னால்.

நம்மிடம் அந்தக் கருவி
வேறு பக்கம் போய்விட்டது.
மட்டமான அரிசி.
பேசவந்தவனை மட்டம் தட்டுவது.
திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போடுவது.
எழுதிப் பார்த்தால் மட்டும்
நடுவில் இரண்டு ட,
ஒன்றின் தலையில் புள்ளியோடு,
அச்சு அசலாய் மூலைமட்டம்.

டோக்கன் முப்பத்தொன்று.
ஏகாம்பரம், ஐம்பத்து நாலு,
கொத்தனார், காகிதப்பட்டறை.
"இன்னாம்மா போட்டுகீது?"
"எல்லாம் நார்மல்ணா."
"அப்ப வலி எங்கருந்து வருது?"

அதற்குப் பொத்தான் இல்லை.
என்ன சொல்வதென்று தெரியாமல்
தெரிந்ததைச் சொல்லித் தொலைத்தேன்:
உங்க பையில கெடக்கிற
மூலைமட்டந்தாண்ணா அந்த வார்த்தை.

பையைத் திரும்பிப் பார்த்தார்,
யாரோ உள்ளே கைவிட்ட மாதிரி.
"அத வச்சா பாத்தீங்க?
எந்த வூடும் மூலைக்கி
முழுசா நிக்காதும்மா.
பூசித்தான் சரி பண்ணுவோம்."

கவரை வாங்கி
அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.
"இது கரெக்டா கீது."
வலது விலாவைப் பிடித்துக்கொண்டு
ஒருபக்கம் சாய்ந்து
படியிறங்கிப் போனார்.

முப்பத்திரண்டு.