தொடர்ச்சி

பர்னபியில், ஒரு காலத்தில் மீன் உறையவைத்த கிடங்கில்
எங்கள் விண்கலம் நின்றது.
மழை வலுத்தால் கூரை ஒழுகும்.
விண்வெளி காயும்வரை
காப்பி குடித்துக்கொண்டிருப்போம்.

சுவரெல்லாம் முட்டை அட்டை, மேலே சாம்பல் பூச்சு.
என்ஜினின் உறுமல்
சமையலறைப் பழைய ஃபிரிட்ஜுடையது.
தானாகத் திறக்கும் கதவுக்குப் பின்னால்
கயிறும் கையுமாக ஓரெஸ்ட்.
ஒருநாள் அவன் தும்மியதில் கதவு பாதியில் நிற்க
தளபதியம்மாவுக்கு மூக்கில் இடி.
அதையும் வெட்டாமல் வைத்துக்கொண்டார்கள்.

என் வேலை தொடர்ச்சி பார்ப்பது.
கோப்பை எந்தக் கையில்,
பொத்தான் எத்தனை திறந்திருந்தது,
ரத்தம் இடப்புருவத்திலா வலப்புருவத்திலா.

நான்காம் எபிசோட், மூன்றாம் டேக்.
பொறியாளர் வாரிக்
(ஆறாவதில் சாக வேண்டியவர்)
ஸ்பேனரை நீட்டும்போது வலக்கை நடுங்கியது.
பிழை என்று குறித்தேன்.
சிவப்பில் அடிக்கோடும் போட்டேன்.

அந்தத் தாள் எழுத்தாளர் இங்ரிட் கையில் சிக்கியது.
மறுவாரமே வாரிக்குக்கு ஒரு கடந்தகாலம் வந்துவிட்டது:
மூட மறுத்த ஒரு கதவு,
வெறுமைக்குள் போய்விட்ட தம்பி,
பிடித்தும் நழுவிய விரல்கள்.
சாவு தள்ளிப்போயிற்று,
ஐந்து வருடம்.

வாரிக்காக நடித்த க்ளைவ் பென்ஹாலோ
எதுவும் சொல்லவில்லை.
மதிய சூப்பை மட்டும்
மூடி போட்ட கோப்பையில் வாங்கிக்கொள்வார்.
"அந்த நடுக்கம், அப்படியே நிஜம் சார்" என்ற புதுப் பையனிடம்
"பயிற்சிதான்" என்றார்.

ஐந்தாம் சீசனில் இங்ரிட் இல்லை.
புதிதாக வந்தவர்கள் எழுதினார்கள்:
வேற்றுக்கோள் மருத்துவர்கள் வாரிக்கைக் குணமாக்குகிறார்கள்.
அவன் கையை உயர்த்திப் பார்க்கிறான். அது அசையவில்லை.

பதினொரு டேக்.
பன்னிரண்டாவதற்கு ஓரெஸ்டைக் கூப்பிட்டார்கள்.
உள்ளங்கைக் கயிற்றுக் காய்ப்பை ஒப்பனையால் மூடி
வாரிக்கின் சட்டையை மாட்டிவிட
வெளிச்சத்தில் நீட்டினான்
கல்லில் செதுக்கியது போல் ஒரு கை.
ஃபிரேமுக்கு வெளியே நின்று
க்ளைவ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தவரைப் போல.

அடுத்தது தளபதியம்மா நுழையும் ஷாட்.
ஓரெஸ்ட் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
"நான் இழுக்கிறேன்" என்று க்ளைவ் பின்னால் போனார்.

கதவு திறந்தது,
அடி முதல் நுனி வரை நடுங்கிக்கொண்டே.
இயக்குநர் திரும்பி என்னைப் பார்த்தார்.
கலத்துக்கு வயதாகிறது, அவ்வளவுதான் என்றேன்.