அவஸ்தை

நெல்லித்தோப்புக் கோயிலில் மரண ஏடு எழுதுவது நான்தான்.
பெயர், வீட்டார், வயது, அடக்கம் செய்த நாள்.
ஐந்தாவது கட்டம்: அவஸ்தை.
கீழே உண்டு, அல்லது இல்லை.
எண்ணெய் பூசியாயிற்றா என்பதுதான் கேள்வி.
வலித்ததா என்பதல்ல.

புது ஏட்டில் நோயில்பூசுதல் என்று அச்சாகி வந்தது.
பங்கில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை.
"சாமியாரக் கூப்பிடு, அவஸ்தை குடுக்கணும்",
என்னவோ அவரிடம் மூட்டையாய் இருப்பதுபோல.

என் வீட்டுக்காரர் அந்துவானுக்கு
மாடிப்படி அவஸ்தை.
புதுச் செருப்பு அவஸ்தை.
ஞாயிறு சாயங்காலம் பீச் ரோட்டில்
வண்டி நிறுத்த இடம் தேடுவது
"மகா அவஸ்தைடி."
முப்பத்தொரு வருஷம் கேட்டேன்.
ஈரல் கெட்டுப் படுத்தபின்
அந்தச் சொல்லை அவர் எடுக்கவே இல்லை.
"ஃபேனக் கொஞ்சம் கூட்டு" என்பதோடு சரி.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்
மின்துறை லைன்மேன், நெற்றி நிறைய திருநீறு.
மயக்கத்தில் விரல் மடக்குவார்:
"நனவு, கனவு, உறக்கம்...
எங்களுக்கு அவத்தை அஞ்சும்மா."
நாலாவது விரலுக்குள்
நர்ஸ் ஊசியோடு வந்துவிடுவாள்.

பிரான்சிலிருந்து நாத்தனார் தெரேஸ் போனில் கேட்டாள்,
"அகோனியா?"
பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் படித்த
அகனிதான் என்று நினைத்து
"ஆமாம், ரொம்ப" என்றேன்.
அவள் பாஷையில் அது
உயிர் பிரியும் நேரமாம்.
கறுப்புச் சேலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு
மறுநாளே விமானம் ஏறிவிட்டாள்.
வந்து பார்த்தால் அண்ணன்
உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார்.
என்னைத் திட்டித் தீர்த்தாள்.
அப்புறம் பதினோரு நாள்
இருவரும் சீட்டாடினார்கள்.
அவர் ஏமாற்றினார், அவள் விட்டுக்கொடுத்தாள்.

இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள்.
முதலியார்பேட்டைக்கு வந்த இரண்டாம் ராத்திரி
சாமியாரைக் கூப்பிட்டேன்.
முக்கால் மணி கழித்து
சட்டை முதுகில் ஒட்ட உள்ளே வந்தவர்
எண்ணெய்ச் சிமிழைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"கேட் போட்டுட்டான்மா. ஒரே அவஸ்தை."

அந்துவானின் உதடு
ஒரு பக்கமாய் இழுத்தது.
சிரிப்புத்தான் என்கிறாள் தெரேஸ்.

திங்கட்கிழமை அவர் வரியை நானே எழுதினேன்.
ஐந்தாவது கட்டம் வரை
கை நன்றாகத்தான் ஓடியது.