தெற்கு ஜன்னல்

போன ஐப்பசியில் நானேதான் அடைத்தேன்.
நாலு ட்யூப் சிலிக்கான்,
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி மலையேற்றியது.
ஒரு சொட்டு நுழையாது என்று
ஜெரோமிடம் பந்தயம் வேறு.

இன்று சட்டத்தின் ஓரப்பட்டையை நெம்புகிறான் சின்னராசு.
திருப்புளி பிடிவரை இறங்குகிறது,
கனிந்த பலாவுக்குள் போல.
உள்ளே கறுத்த ஈரம், எறும்பு முட்டை,
எனக்கு முன்னால் இருந்தவர் திணித்த
காப்பிச் சாக்கின் கிழிசல்.

"வந்த தண்ணி போறதுக்கு வழியில்லீங்க."
அவ்வளவுதான். பீடி பற்றவைக்கப் போய்விட்டான்.
அடியில் நான் பூசி மூடிய இரண்டு துளைகளோடு
தனியாக நிற்கிறேன்.

புதுச் சட்டம் வேங்கை.
தலைக்கு மேல் தகரம், லேசாகச் சரித்து.
அடிப்பலகையின் வயிற்றில் ஒரு காடி:
சொட்டு அங்கே தயங்கி
சுவரைத் தொடாமல் விழ.
இருபத்திரண்டாயிரம். கூலி தனி.

ராத்திரி ஏற்காட்டு மழை
பக்கவாட்டில் அடித்தது.
டார்ச்சோடு எழுந்துபோய்ப் பார்த்தேன்.
நுழைந்திருந்தது.
துளை வழியே, அவசரமில்லாமல்,
வெளியேறிக்கொண்டும் இருந்தது.

காலையில் ஜெரோமுக்கு
ஒரு கிலோ காப்பிக்கொட்டை
கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.